புதுப்பிப்பு: ஃபோர்ட் கொச்சியோடு வைப்பினும்

ஃபோர்ட் கொச்சிக்கான குறுகிய விடுமுறையில் வைப்பின் தீவையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். போய்வந்துவிட்டோம், தாராளமாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

1524-இல் வாஸ்கோ ட காமா அடக்கம் செய்யப்பட்ட புனித பிரான்சிஸ் தேவாலயத்தில், அவரது எச்சங்கள் 1539-இல் போர்ச்சுகலுக்குக் கொண்டுசெல்லப்பட்ட பின்னரும், கல்லறைக்கல் இருக்கிறது. மட்டாஞ்சேரி அரண்மனையின் இராமாயணச் சுவரோவியங்களுக்கு நிறைய நேரம் ஒதுக்குங்கள். அரண்மனைக்கு வெள்ளிக்கிழமையும், அருகிலுள்ள 1568-ஆம் ஆண்டின் யூதத் தொழுகைக்கூடத்துக்குச் சனிக்கிழமையும் விடுமுறை என்பதால் நாள் பார்த்துச் செல்வது நல்லது.

கரையோரச் சீன வலைகளை அருகில் நின்று பாருங்கள். மரச்சட்டம் மெல்லச் சாய்ந்து வலை தண்ணீருக்குள் இறங்குகிறது. மீனவர்கள் சேர்ந்திழுத்து அதை மேலே தூக்கும்போது, கயிறுகளில் எடைக்காகக் கட்டப்பட்ட கற்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தரையில் அமர்கின்றன. எனக்கு இந்தப் பயணத்தில் மிகவும் பிடித்தது இதுதான்.

வாகனங்களையும் ஏற்றும் படகில் வைப்பினுக்குக் கடப்பது சில நிமிட வேலை. தீவின் வடகோடியில், போர்த்துகீசியர் 1503-இல் கட்டிய அறுகோண வடிவப் பள்ளிப்புரம் கோட்டை சிறியதுதான் என்றாலும், வழியிலுள்ள செறாய் கடற்கரையோடு சேர்த்துப் பார்க்க அரைநாள் போதும்.