தேனீ வளைமேல் முட்டை எறியும் ஈ

இங்கிலாந்து, கென்ட்:

ஏப்ரல் வெயில் வந்ததும் எங்கள் புல்வெளி ஓரத்தில் ஆண்ட்ரீனா தேனீக்கள் வளை தோண்டும். இவை கூட்டமாக வாழ்வதில்லை. ஒவ்வொரு பெண்ணுக்கும் தனி வளை, உள்ளே மகரந்த உருண்டை, அதன்மேல் ஒரு முட்டை. அந்த வளைகளுக்கு மேலேதான் பாம்பிலியஸ் மேஜர் ஈயைப் பார்த்தேன். உடம்பெல்லாம் பழுப்பு முடி, சிறகின் முன்பாதி கறுப்பு, முகத்துக்கு முன்னால் நீண்ட குழல். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் குழலைப் பார்த்துப் பயந்தார்கள். அது பூந்தேன் குடிக்கத்தான். இந்த ஈ கொட்டாது, கடிக்காது.

அது மண் எடுப்பதைப் பார்த்து அசந்துபோனேன். பெண் ஈ காய்ந்த மணலில் வயிற்று நுனியை ஊன்றி நடுங்குகிறது. நுனியில் உள்ள சிறிய பையில் மணல் சேர, முட்டைகள் அதில் புரண்டு வருகின்றன. அப்புறம் வளைவாய்க்கு மேல் அந்தரத்தில் நின்றபடி வயிற்றைச் சுண்டிச் சுண்டி முட்டையை எறிகிறது. உள்ளே இறங்குவதே இல்லை.

பொரிக்கும் புழு மெலிந்தது, துறுதுறுப்பானது. தானே ஊர்ந்து தேனீப் புழுவின் அறைக்குப் போய்விடும். ஆனால் உடனே தொடாது. தேனீப் புழு மகரந்தம் தின்று கொழுக்கும்வரை காத்திருந்து, பிறகு தோல் உரித்துப் பருத்த புழுவாக மாறி, அதை உறிஞ்சித் தீர்க்கும். தேனீயை நினைத்தால் மனம் வலிக்கிறது. ஆனாலும் ஈயை விரட்ட மாட்டேன். தேனீ செழிப்பாக இருக்கும் இடத்தில்தான் இதற்கும் பிழைப்பு.

ஜெர்மனி, ஸ்டுட்கார்ட்:

எங்கள் பால்கனியில் நாணல் குழாய்கள் அடுக்கிய தேனீப் பெட்டி இருக்கிறது. ஆஸ்மியா தேனீக்கள் குழாய்களை மண்ணால் அடைக்கும். அங்கே வருவது இதன் உறவுக்கார ஈ, அறிவியல் பெயர் ஆந்த்ராக்ஸ் ஆந்த்ராக்ஸ். உடம்பு முழுக்கக் கறுப்பு, சிறகிலும் பெரும்பகுதி கறுப்பு. இதுவும் குழாய் வாயை நோக்கி முட்டை எறியும். இதன் கூட்டுப்புழுவுக்குத் தலையில் முட்கள் உண்டு. அவற்றால் மண் அடைப்பைக் குடைந்து பாதி உடம்பை வெளியே நீட்டும். ஈ பறந்த பிறகு வெற்றுத் தோல் மட்டும் குழாயில் துருத்தி நிற்கும். உங்கள் பெட்டியிலும் பாருங்கள், கிடைத்தால் படம் போடுங்கள்.

கென்ட்:

சரி, பார்க்கிறேன். இந்தக் குடும்பத்தில் வெட்டுக்கிளியின் முட்டைப் பொதியைத் தின்னும் வகைகளும், குழியானையைத் தின்னும் வகைகளும் உண்டு. ஊரில் குழியானைக் குழிகளைப் பார்ப்பவர்கள் யாராவது அந்த ஈயைக் கண்டதுண்டா?