புதுப் பேனா வந்தால் முதலில் என்ன எழுதுவீர்கள்?

மைக்கறை:

போன செவ்வாய்க்கிழமை மதியம் கூரியர் வந்தது. சாயங்காலம் ஏழு மணி வரைக்கும் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. ஆபீஸ் வேலை இருந்தது உண்மைதான், ஆனால் அது மட்டும் காரணமில்லை. ஏழு வாரமாகக் காத்திருந்த பேனா. பிரித்துவிட்டால் காத்திருக்க ஒன்றும் மிச்சமிருக்காதே என்று ஒரு கஞ்சத்தனம்.

திருவள்ளூர் ரங்கா கம்பெனிப் பேனா. எபோனைட் தண்டைக் கடைசலில் பிடித்துக் கையால் கடைந்தது. பெருவிரல் பருமன். மூடியைக் கழற்றியதும் முகர்ந்து பார்த்தேன். ரப்பரோடு கந்தகத்தைத் தாராளமாகச் சேர்த்து வேகவைத்து இறுக்கியதுதான் எபோனைட். அந்தக் கந்தகம் மூக்குக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். தீபாவளிக்கு மறுநாள் காலை தெருவில் ஒரு வாடை இருக்குமே, அதில் நூற்றில் ஒரு பங்கு. "பேனாவையா மோந்து பாக்குறீங்க?" என்று வீட்டில் கேட்டார்கள். என்ன பதில் சொல்வது?

மை நிரப்புவது பழைய பள்ளிக்கூட முறைதான். கழுத்தைத் திருகிக் கழற்றி, ஃபில்லரால் உடம்புக்குள் நேராக ஊற்ற வேண்டும். மற்றப் பேனாக்களில் உள்ளே செருகும் சின்ன மைக்குழாயான கன்வெர்ட்டரில் ஒரு மில்லிகூடப் பிடிக்காது. இதில் மூன்று மில்லிக்கு மேல் போகிறது. மரையில் மட்டும் துளி சிலிக்கான் கிரீஸ் தடவிக்கொண்டேன். பிரில் ராயல் ப்ளூ. விலை உயர்ந்த மை நாலைந்து பாட்டில் அலமாரியில் இருக்கிறது, ஆனாலும் எபோனைட் பேனாவுக்கு முதல் மை அதுதான் என்று எனக்கு ஒரு பிடிவாதம்.

அப்புறம் பிள்ளையார் சுழி. எனக்குச் சாமி பக்தி அவ்வளவு கிடையாது. நிப்பைச் சோதிக்க அதைவிட நல்ல எழுத்து இல்லை, அவ்வளவுதான். உ-வில் ஒரு சுழி இருக்கிறது, ஒரு வளைவு இருக்கிறது, கடைசியில் ஒரு படுக்கைக் கோடு இருக்கிறது. நிப்பு எந்தத் திசையில் முரண்டு பிடிக்கிறது என்று அந்த ஓர் எழுத்திலேயே தெரிந்துவிடும். அது தேறிவிட்டால் அடுத்து ண, ஞ, ழ, கடைசியாக 'ணை'.

இதைப் பற்றிப் பேசத்தான் எழுத வந்தேன். பேனாவை விமர்சிக்கும் வீடியோக்களில் எல்லோரும் இங்கிலீஷில் எழுதிக் காட்டுகிறார்கள். "வழுக்கிக்கொண்டு போகிறது, மீடியம் நிப்பு அருமை" என்கிறார்கள். நம்பி வாங்கினால் நம் எழுத்தில் 'ண' மூன்று சுழியும் அடைத்துக்கொண்டு எள்ளுருண்டை மாதிரி உட்கார்ந்திருக்கும். சாய்த்துக் கோத்து எழுதுகிற எழுத்துக்கு ஒத்துப்போகும் நிப்பு, நின்று நின்று சுழித்து எழுதுகிற எழுத்துக்கு ஒத்துப்போக வேண்டும் என்று கட்டாயமில்லை. என்னிடம் இருக்கும் இருபத்தி இரண்டு பேனாவில் தமிழ் ஒழுங்காக எழுதுவது ஆறோ ஏழோதான்.

புதுசு நன்றாகவே எழுதியது. நான்காம் நாள்தான் வினை. பெரியப்பாவுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன் (அவருக்கு வாட்ஸ்அப் உண்டு, இருந்தாலும்). இரண்டாம் பக்கம் நடுவில் பேனா ஒரு பெரிய சொட்டு கக்கிவிட்டது. மை பாதிக்கு மேல் இருந்தால் இந்தச் சேட்டை இல்லை, குறைந்த பிறகுதான். இது ஏன் என்று யாராவது சொல்லுங்கள். கூடவே, உங்களுக்குக் கடைசியாக வந்த பேனா எது, அது தமிழை எப்படி எழுதுகிறது என்பதையும்.

ஞாயிறு நிப்பு:

நீங்க சொன்ன எள்ளுருண்டைக்கு நானும் காசு கொடுத்திருக்கேன்! லாமி சஃபாரி, மஞ்சள், மீடியம் நிப்பு. ஆசை ஆசையா வாங்கி 'கண்ணன்'னு எழுதிப் பார்த்தா மூணு கரும்புள்ளிதான் தெரியுது. ஒரு மாசம் இங்கிலீஷ் மட்டும் எழுதினேன், கோபத்துல.

அப்புறம்தான் தெரிஞ்சுது, லாமில நிப்பு மாத்த யார்கிட்டயும் போக வேண்டாம். நிப்பு மேல செல்லோடேப் ஒட்டி நேரா முன்னாடி இழுத்தா கழண்டு வந்துடும். எக்ஸ்ட்ரா ஃபைன் நிப்பு தனியா வாங்கிப் போட்டேன். இப்போ சுழியெல்லாம் திறந்திருக்கு. ஆனாலும் ஜெர்மன் நிப்பு கொஞ்சம் தடிமன்தான். ஜப்பான்காரங்க மீடியம்னு சொல்றது நம்ம கைல ஃபைன் மாதிரி எழுதுது. அவங்களுக்கும் சின்னக் கட்டத்துக்குள்ள பத்துப் பதினஞ்சு கோடு இழுக்க வேண்டியிருக்கே, அதனாலயா இருக்கும்.

கடைசியா வந்தது பைலட் ககுனோ. நிப்பு மேல ஒரு சிரிக்கிற மூஞ்சி இருக்கும். குழந்தைங்களுக்குன்னு செஞ்சது. என் பொண்ணு ஆறாவது போறா, அவளுக்குன்னு சொல்லித்தான் வாங்கினேன். அவ ஜெல் பேனாதான் வேணும்னுட்டா. நல்லதாப் போச்சு. இந்த வருஷம் பத்தாம் வகுப்பு விடைத்தாள் முழுக்க அதுலதான் திருத்தினேன், சிவப்பு மை போட்டு. தப்பா எழுதின பிள்ளைங்களுக்குக்கூட நிப்பு சிரிச்சுக்கிட்டேதான் தப்பு போட்டுச்சு.

பச்சை மை:

தம்பி மைக்கறைக்கு. பேனா கக்குவதில் பேனாவின் குற்றம் எதுவும் இல்லை. உள்ளே மை குறையக் குறைய அந்த இடத்தில் காற்று நிறைகிறது. உங்கள் கைச்சூடு பட்டதும் காற்று விரிகிறது. விரிந்த காற்று மையைத் தள்ளுகிறது. நிப்புக்கு அடியில் இருக்கும் கட்டையின் பள்ளங்களில் ஓரளவு மைதான் தேங்கும், மிஞ்சினால் கீழேதான் விழ வேண்டும். கன்வெர்ட்டரில் காற்றுக்கே இடம் குறைவு, கையும் அதை நேராகத் தொடுவதில்லை, ஆகவே அங்கே இந்தத் தொல்லை இல்லை. மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்குமுன் நிரப்பிவிடுங்கள். சட்டைப் பையில் இருந்து எடுத்ததும் எழுத ஆரம்பிக்காமல், நிப்பு மேலே பார்க்க ஒரு நிமிஷம் பிடித்திருங்கள். விமானத்தில் போகும்போதும் இதே கணக்குதான். முழுக்க நிரப்பிக்கொண்டு போங்கள், அல்லது முழுக்கக் காலி செய்துவிடுங்கள்.

நான் வருவாய்த் துறையில் முப்பத்து நான்கு வருஷம். கெஜட்டட் பதவி வந்த அன்று எனக்குச் சம்பளம் ஏறியது நினைவில்லை, பச்சை மை பாட்டில் வாங்கியது நினைவிருக்கிறது. அதுவரை பச்சை மையில் கையெழுத்துப் போட வேண்டும் என்ற ஆசையை வெளியே சொல்ல வெட்கம்.

வேலை நிமித்தம் ஒருமுறை ராஜமுந்திரி போனபோது ரத்தினம் பேனா ஒன்று வாங்கினேன். சுதேசிப் பேனா வேண்டும் என்று காந்தி சொல்ல, அந்த ஊரில் உருவான பேனா அது. 1935இல் அவர் வார்தாவிலிருந்து நன்றி எழுதிய கடிதம் உண்டு. எண்பதுகளில் வாங்கிய அந்தப் பேனா இன்றும் எழுதுகிறது. எழுதுகிறது என்றால், மூன்று வருஷம் எழுதாமல் இருந்து மறுபடி எழுதுகிறது. காரணம் நானேதான். சரஸ்வதி பூஜைக்கு வைத்தபோது சந்தனத்தைத் தாராளமாகப் பூசி, அது மூடியின் மரைக்குள் இறங்கிக் காய்ந்து, மறுநாள் திருகினால் அசையவில்லை. கொறடு வைத்து இழுக்கலாம் என்றான் மகன். விடவில்லை. வெந்நீரிலும் போடவில்லை, எபோனைட் வெந்நீர் பட்டால் வெளுத்துப்போகும். பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து ஊறவைத்து எடுத்தேன். பூஜைக்கு இப்போது ரீஃபில் பேனாதான் வைக்கிறேன்.

கடைசியாக வந்தது என்று கேட்டீர்கள். ஓய்வு பெற்றவனுக்கு என்ன வரும்? பேத்தி முதல் சம்பளத்தில் பிளாட்டினம் 3776 வாங்கிக் கொடுத்தாள். 3776 என்பது ஃபியூஜி மலையின் உயரம், மீட்டரில். 'ஞ' மிகச் சுத்தமாக விழுகிறது.

பேனைக்காரன்:

எங்கட ஊரில பேனை எண்டுதான் சொல்லுறது, அதாலதான் இந்தப் பேர். இப்ப ரொறன்ரோவில இருக்கிறன்.

அப்பாட்டை ஒரு பார்க்கர் 51 இருந்தது. நிப்பு வெளியில தெரியாது, நுனி மட்டும் எட்டிப் பாக்கும். எங்களைத் தொட விடமாட்டார். 95இல இடம்பெயரேக்க மேசை லாச்சிக்குள்ள விட்டிட்டு வந்தாச்சு. ரெண்டு நாளில திரும்பலாம் எண்டு நினைச்சது. பிறகு போய்ப் பாக்கேக்க லாச்சியும் இல்லை, மேசையும் இல்லை.

போன மாசம் இஞ்ச ஒரு பழைய சாமான் சந்தையில, கரண்டி முள்ளுக்கரண்டியளுக்குள்ள அதே சாதிப் பேனை ஒண்டு கிடந்தது. கடும் சிவப்பு, வெள்ளி நிற மூடி. இருபது டொலர். வித்த மனிசிக்கு அது என்னெண்டும் தெரியேல்லை. மூடியைக் கழட்டிப் பாத்தன், உள்ள தேங்காய்ப் பொச்சு மாதிரிக் காஞ்ச மை. 1948க்குப் பிறகு வந்த சாதி எண்டால் உள்ளுக்கு இருக்கிற பை லேசில பழுதாகாது. வீட்ட கொண்டுவந்து தண்ணியில போட்டு அமத்தி அமத்தி எடுத்தன். மூண்டு நாள் நீல மை வந்துகொண்டே இருந்தது. ஆரோ ஒரு ஆள், எத்தினை வருசத்துக்கு முந்தியோ, கடைசியா நிரப்பின மை. அதைச் சிங்குக்குள்ள ஊத்த ஒரு மாதிரித்தான் இருந்தது.

நீங்கள் கேட்டதுக்கு மறுமொழி: ழ வடிவா எழுதுது. ஆனால் மை கூடத்தான் விடுது, ஒற்றாமல் தாளை மடிக்கேலாது. அப்பாவின்ர கையெழுத்தைப் பாத்து எழுதிப் பழகிறன். 'ற'வை அவர் கீழ கொஞ்சம் நீட்டி இழுப்பார். இன்னும் எனக்கு வரேல்லை.

பால் கணக்கு:

மொத்தம் 43 பேனா. எழுதுறதுக்குத்தான் விஷயம் இல்ல. தினமும் காலைல பால் ரெண்டு பாக்கெட், தயிர் ஒண்ணுன்னு காலண்டர்ல எழுதுறேன். ஒரு நாளைக்கு ஒரு பேனா. சுத்தி மறுபடி முதல் பேனாவுக்கு வர்றதுக்குள்ள அது காஞ்சு போயிடுது. போன ஞாயித்துக்கிழமை பன்னெண்டு பேனாவைக் கழுவினேன், வாஷ்பேசின் பாத்தா ஹோலிப் பண்டிகை மாதிரி இருந்துச்சு. எனக்கு ஒரு யோசனை சொல்லுங்க, நாப்பத்தி நாலாவதா எதை வாங்கலாம்?

பச்சை மை:

வாங்க வேண்டாம். பேத்தி கொடுத்த பேனாவில் மூடி காற்றுப் புகாமல் மூடுவதால் மாதக்கணக்கில் காய்வதில்லை. அதே கம்பெனியின் பிரெப்பி என்ற மலிவான பேனாவிலும் அந்த மூடி உண்டு. நாற்பத்து மூன்றில் நாற்பதை யாருக்காவது கொடுத்துவிட்டு இதில் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

பால் கணக்கு:

ஐயா, பிரெப்பி வாங்கிட்டேன். 44. மத்ததை யாருக்கும் கொடுக்கல.

ஞாயிறு நிப்பு:

தாள் பத்தி யாரும் பேசலையே. நான் வாங்குற ஏ4 கட்டு கரூர்ப் பக்கம் கரும்புச் சக்கைல செய்யுறது. விலை அதிகமில்ல, ஆனா ககுனோவுக்கு மை பரவவே மாட்டேங்குது. வெளிநாட்டு நோட்டு ஒண்ணு ஐநூறு ரூபா கொடுத்து வாங்கினேன், அதுல மை காயவே ஒரு நிமிஷம் ஆகுது. இடது கைக்காரி நான், எழுத எழுத கையாலயே அழிச்சுக்கிட்டுப் போறேன்.

மைக்கறை:

பச்சை மை ஐயா சொன்ன மாதிரி செய்து பார்த்தேன். பாதிக்குக் கீழே போகவிடாமல் நிரப்புகிறேன். பத்து நாளாகக் கக்கவில்லை. ஒரே ஒரு தரம் மின்விசிறி இல்லாத அறையில், மே மாத மதியத்தில், ஒரு சின்னச் சொட்டு. அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

பேனைக்காரன் எழுதியதைப் படித்துவிட்டு எங்கப்பா கையெழுத்து இருக்கும் பழைய ரேஷன் விண்ணப்ப நகலைத் தேடி எடுத்தேன். அவர் 'ண'வை இரண்டு சுழியோடு நிறுத்திவிடுவார். அவசரக்காரர். எந்த நிப்பிலும் அடைக்காது.

அந்தச் சொட்டு விழுந்த கடிதத்தை மாற்றி எழுதாமல் அப்படியே அனுப்பிவிட்டேன். நேற்று பெரியப்பா போன் பண்ணினார். நலம் விசாரித்துவிட்டு, "என்னடா, பேனா கக்குதா?" என்றார். ஆமாம் என்றேன். "சாக்பீஸ் வச்சு ஒத்தியிருக்கலாம்ல?" என்றார். எண்பத்தி ஒரு வயசு. சாக்பீஸ் வீட்டில் இல்லை பெரியப்பா என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "சரி, நானும் லெட்டர் போடுறேன். என் ஹீரோ பேனா எங்க இருக்குன்னு பெரியம்மாவைத் தேடச் சொல்லியிருக்கேன்" என்றார்.

பால் கணக்கு:

எல்லாம் சரிங்க. அந்த ரங்கா என்ன கலர்னு கடைசி வரைக்கும் சொல்லலையே?

மைக்கறை:

பழுப்பு, நடுவில் கருப்பு அலையலையாக ஓடியிருக்கும். வெயில் பட்டால் மங்கும் என்று ஜன்னல் ஓரத்தில் வைப்பதில்லை. 45ஆவது வாங்குவதாக இருந்தால் காத்திருக்கத் தயாராக இருங்கள்.