இ3 வந்தால் மாங்காய் சீசன்: நாம் காத்திருந்த அறிவிப்புகள்

திரியைத் தொடங்கியவர், கிருஷ்ணகிரி

நண்பர்களே, புது வீடியோ கேம்களை அறிவிக்கிற இ3 கண்காட்சி இனிமேல் கிடையாது என்று 2023 டிசம்பர் 12 அன்று அதை நடத்தி வந்த சங்கம் அறிவித்துவிட்டது. 1995-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கிய கண்காட்சி அது. 2020-இல் கொரோனாவால் ரத்து, 2021-இல் இணையத்தில் மட்டும், அடுத்த இரண்டு வருடமும் நடக்கவில்லை, அப்புறம் ஒரேயடியாக மூடிவிட்டார்கள். நான் அந்த அரங்கத்துக்குள் கால் வைத்ததில்லை. ஆனாலும் செய்தியைப் படித்தபோது நம் ஊர்த் தேரோட்டத்தை நிறுத்திவிட்டதைப் போல மனசு கனத்தது. அதனால்தான் இந்தத் திரி. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து ஆட்கள் எந்த கேமின் அறிவிப்புக்காகக் காத்திருந்தீர்கள், எங்கே உட்கார்ந்து பார்த்தீர்கள், பக்கத்தில் யார் இருந்தார்கள், எழுதுங்கள். என்னுடையதை முதலில் சொல்கிறேன்.

அப்பாவுக்கு மாங்காய் மண்டி. இ3 பெரும்பாலும் ஜூன் மாதம்தான் வரும். ஜூன் என்றால் எங்கள் வீட்டில் யாருக்கும் தூக்கம் கிடையாது. பெங்களூரா மாங்காய் லோடு ஒன்றன் பின் ஒன்றாக வந்து நிற்கும், கூழ் ஃபேக்டரிக்குப் போக வேண்டியது தனி, வெளியூர் போக வேண்டியது தனி. லாஸ் ஏஞ்சல்ஸில் சாயங்காலம் 6 மணி என்றால் நமக்கு மறுநாள் காலை 6.30. இ3-இல் பிளேஸ்டேஷன் கம்பெனியான சோனியின் நிகழ்ச்சி பல வருடம் அந்த நேரத்துக்குத்தான் வந்தது. மண்டியில் டெம்போக்கள் வரிசை கட்டுகிற நேரமும் அதுதான்.

2016. காட் ஆஃப் வார் புதிதாக வரப்போகிறது என்று பேச்சு. முதல் இரண்டு பாகத்தையும் நான் விளையாடியது ரவுண்டானா பக்கத்தில் ஒரு மாடியில் இருந்த கேம் சென்டரில். நாலு டிவி, நாலு பிளேஸ்டேஷன் 2, மணிக்கு இருபது ரூபாய். அதன் நாயகன் கிரேட்டோஸ் எப்போதும் கத்திக்கொண்டே இருப்பான், நாங்களும் அவனோடு சேர்ந்து கத்துவோம். 2010-இல் மூன்றாம் பாகத்தோடு கிரேக்கக் கதை முடிந்துவிட்டது. 2016 ஏப்ரலில் சில ஓவியங்கள் கசிந்தன. கிரேட்டோஸ் வட ஐரோப்பிய தெய்வங்களின் பூமியில் நிற்கிற மாதிரியான படங்கள். இரண்டு மாதம் எங்களுக்கு வேறு பேச்சே இல்லை. உண்மைதான் என்று பாதிப் பேர், யாரோ ரசிகன் வரைந்தது என்று பாதிப் பேர். தாடி வைத்த கிரேட்டோஸை என்னால் நம்பவே முடியவில்லை.

ஜூன் 14, செவ்வாய்க்கிழமை. சென்டர் அண்ணன் எங்களுக்காக ஆறு மணிக்கே கடையைத் திறந்தார். ஏழு பேர். அண்ணன் ஃபிளாஸ்க்கில் டீயும் ஒரு பொட்டலம் நிப்பட்டும் கொண்டு வந்திருந்தார். அப்பாவிடம் ஏழு மணிக்குள் வந்துவிடுவேன் என்று சொல்லியிருந்தேன். நிகழ்ச்சி ஒன்றரை மணி நேரம் ஓடும், காட் ஆஃப் வார் கடைசியில் வந்தால் என்ன செய்வது என்பதுதான் என் வயிற்றில் புளியைக் கரைத்தது.

முதலிலேயே வந்துவிட்டது. மேடையில் ஒரு முழு இசைக்குழு நேரில் வாசிக்கத் தொடங்கியது. அப்புறம் திரையில் ஒரு சின்னப் பையன் பொம்மைகளை வைத்து விளையாடிக்கொண்டிருக்கிறான். இருட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் அவனைக் கூப்பிடுகிறது. யாரும் மூச்சு விடவில்லை. அந்த உருவம் வெளிச்சத்துக்கு வந்ததும் முகத்தில் சிவப்புக் கோடு, தாடி. அங்கே அரங்கத்தில் எழுந்த சத்தமும் இங்கே மாடியில் நாங்கள் போட்ட சத்தமும் ஒன்றாகிவிட்டன. கீழே பூக்கடை அம்மா என்னவோ ஏதோ என்று படியேறி வந்து பார்த்துவிட்டுப் போனார்.

அடுத்த பத்து நிமிடம் நான் எதிர்பார்க்காத ஒன்று. அப்பாவும் மகனும் பனிக்காட்டில் மான் வேட்டைக்குப் போகிறார்கள். பையன் அவசரப்பட்டு அம்பை விட்டுவிடுகிறான். கிரேட்டோஸ் எரிந்து விழுகிறான், ஆனால் பாதியில் தன்னை அடக்கிக்கொள்கிறான். அந்த அடக்கம்தான் எனக்குப் புதிது. கடைசியில் கத்தி பிடித்த மகனின் கை நடுங்க, அதன் மேல் தன் கையை வைத்து அழுத்துகிறான்.

ஏழாக ஐந்து நிமிடம் இருக்கும்போது எழுந்து ஓடினேன். கேம் இயக்குநர் ஹிடியோ கோஜிமா ஒளிரும் பாதையில் நடந்து வந்து டெத் ஸ்ட்ராண்டிங் என்கிற கேமை அறிவித்ததை நான் நேரலையில் பார்க்கவில்லை, மற்ற ஆறு பேர் சொல்லித்தான் தெரியும். அதற்காக வருத்தமில்லை.

பதினோரு மணிக்கு லோடு ஓய்ந்தது. ஜியோ வருவதற்கு மூன்று மாதம் முந்தைய காலம், டேட்டாவை எண்ணி எண்ணிச் செலவழிப்போம். மிச்சமிருந்ததைப் போட்டு அந்த வீடியோவை இறக்கினேன். வைக்கோல் குவியல் மேல் உட்கார்ந்திருந்த அப்பா, "என்னடா காலையில அவ்வளவு அவசரம், காட்டு பார்க்கலாம்" என்றார். முழுசும் பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. பையன் அம்பைத் தவறாக விட்ட இடத்தில் மட்டும், "சின்னப் பையன்தானே, ஏன் இப்படி விரட்டறான்" என்றார். பத்து வயதில் நான் ஒரு பெட்டி செந்தூராவைக் கீழே போட்டு உடைத்தபோது அவர் போட்ட சத்தம் எனக்கு ஞாபகம் வந்தது. அவருக்கும் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "நாளைக்கு வேற இருக்கா? இருந்தா போய்ட்டு வா, நான் பார்த்துக்கறேன்" என்றார்.

கேம் 2018 ஏப்ரல் 20 அன்று வெளிவந்தது. அதற்குள் சென்டர் மூடிவிட்டார்கள். ஓசூரில் ஒரு நண்பன் அறையில் மூன்று சனி, ஞாயிறு உட்கார்ந்து முடித்தேன்.

காவேரிப்பட்டணம்

அண்ணா, நீங்கள் நிப்பட்டு என்றதும் எங்கள் ஊர் ஞாபகம் வந்துவிட்டது, அதனால் எழுதியே ஆக வேண்டும்.

என்னுடையது 2012. அந்த வருடம் கரண்ட் இருந்த கதை எல்லோருக்கும் தெரியும். சென்னையைத் தவிர மற்ற மாவட்டங்களில் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் போன நாட்கள் உண்டு. அசாசின்ஸ் கிரீட் மூன்றாம் பாகத்தை ஓடவிட்டுக் காட்டப்போகிறார்கள் என்று தெரியும். அதைச் செய்கிற யூபிசாஃப்ட் கம்பெனியின் நிகழ்ச்சி நமக்கு ஜூன் 5 விடியற்காலை மூன்றரைக்கு. மாமா பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். சாவியை வாங்கிக்கொண்டு நானும் என் சித்தப்பா மகனும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்தோம். மாமா போட்ட நிபந்தனை ஒன்றுதான்: கரண்ட் போனால் யுபிஎஸ்ஸில் ஒரு கம்ப்யூட்டர் மட்டும், மற்றதெல்லாம் ஆஃப்.

அசாசின்ஸ் கிரீட் நல்லபடியாக வந்தது. பனி, மரக்கிளை மேல் ஓட்டம், எல்லாம் பார்த்தோம். முடிந்தது என்று எழுந்திருக்கும் நேரத்தில், யாரும் கேள்விப்படாத ஒரு கேமைப் போட்டார்கள். வாட்ச் டாக்ஸ். சிகாகோ நகரத்தில் நீளக் கோட்டு போட்ட ஒருவன் கையில் போன் மட்டும் வைத்துக்கொண்டு நடக்கிறான். தெருவில் போகிறவர்களைப் பற்றிய விவரமெல்லாம் அந்தப் போனில் தெரிகிறது. நாற்சந்தியில் டிராஃபிக் சிக்னலை அதே போனால் மாற்றிவிடுகிறான், வண்டிகள் ஒன்றோடு ஒன்று மோதுகின்றன. அந்த மோதலின் நடுவில் எங்கள் தெருவில் கரண்ட் போனது.

யுபிஎஸ் கீ கீ என்று கத்த ஆரம்பித்தது. மோடமும் அதிலேயே இருந்ததால் படம் நிற்கவில்லை. பேட்டரி பழசு, எத்தனை நிமிடம் தாங்கும் என்று மாமாவுக்கே தெரியாது. நான் மானிட்டர் வெளிச்சத்தைக் குறைத்தேன், தம்பி ஸ்பீக்கர் வயரையே பிடுங்கிவிட்டான். கடைசி நிமிடங்களைச் சத்தமே இல்லாமல், தலையோடு தலை முட்டிக்கொண்டு பார்த்தோம். பெயர் திரையில் வந்து நின்று சில நொடியில் எல்லாம் அணைந்தது. இருட்டில் அவன் கேட்டான்: "அண்ணா, இது நிஜமாவே வருமா?"

வந்தது, 2014 மே 27-இல். அன்று பார்த்த மழையும் வெளிச்சமும் வெளிவந்த கேமில் அப்படியே இல்லை என்று உலகம் முழுக்கச் சண்டை போட்டார்கள். சண்டை நியாயமானதுதான். காட்டியதைக் கொடுக்க வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்த இருட்டில் ஒரு சின்னத் திரையில் நான் பார்த்ததை எந்தக் குறையும் தொட முடியவில்லை.

ஓசூர்

நான் மூன்றாம் ஷிஃப்ட் ஆள். காலை ஆறு மணிக்கு வேலை முடிந்து அறைக்கு வந்தால் மற்றவர்கள் எழுந்துகொண்டிருப்பார்கள். தெலுங்கு பேசுகிற ஒருவன், கன்னடம் பேசுகிற ஒருவன், தமிழில் நாங்கள் இரண்டு பேர்.

நான் காத்திருந்தது தி லாஸ்ட் கார்டியனுக்கு. 2009 இ3-இல் பிளேஸ்டேஷன் 3-க்கு என்று அறிவித்தார்கள். ஒரு சிறுவனும், இறகு மூடிய பெரிய பிராணி ஒன்றும். இயக்குநர் ஃபுமிடோ உவேடாவின் முந்தைய கேமான ஷேடோ ஆஃப் த கொலோசஸைப் பள்ளிக்கூட நாட்களில் முடித்து, கடைசியில் அழுதவன் நான். ஒவ்வொரு ஜூனும் பார்ப்பேன், இருக்காது. நடுவில் அவர் சோனியை விட்டே விலகி, வெளியிலிருந்து வேலை செய்கிறார் என்று செய்தி. கைவிட்டுவிட்டார்கள் என்றே எல்லோரும் எழுதினார்கள்.

2015 ஜூன் 16. சட்டையைக்கூட மாற்றாமல் லேப்டாப்பைத் திறந்தேன். முதல் கேமே அதுதான். டிரிகோ என்கிற அந்தப் பிராணி பாறைக்குப் பாறை தாவுகிறது, சிறுவன் அதை நம்பிக் குதிக்கிறான், அது வாலை நீட்டுகிறது. ஆறு வருடம். அறையில் இருந்த மூன்று பேருக்கும் அது என்ன கேம் என்று தெரியாது. என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர்களும் பேசாமல் உட்கார்ந்து பார்த்தார்கள். அதே காலையில் ஃபைனல் ஃபேண்டசி ஏழின் மறு ஆக்கமும், ஷென்மூ மூன்றும் வந்தன. ஷென்மூவுக்குப் பொதுமக்களிடம் கேட்ட 20 லட்சம் டாலர் ஒன்பது மணி நேரத்துக்குள் சேர்ந்துவிட்டது. நான் தூங்கி எழுந்து பார்த்தபோது கணக்கு அதைத் தாண்டிக்கொண்டிருந்தது.

பென்னாகரம்

என் கதை சின்னது, ஏனென்றால் இன்னும் முடியவில்லை. 2018 ஜூன் 11 காலை ஏழு மணிக்கு மேல், பஸ்ஸுக்கு நின்றபடி போனில் பெதஸ்டா என்கிற கேம் கம்பெனியின் நிகழ்ச்சி. கடைசியில் எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆறாம் பாகத்தின் அறிவிப்பு. நாற்பது நொடிகூட இல்லை. மேகத்தை விலக்கிக்கொண்டு கேமரா பாறை மலைகள் மேல் போகிறது, எழுத்து வருகிறது, முடிந்தது. நிமிர்ந்து பார்த்தால் ஒகேனக்கல் போகிற வழியில் எங்கள் பக்கத்து மலைகளும் அதே நிறத்தில் நிற்கின்றன. அன்றைக்குக் கல்லூரி முதல் வருடம். இப்போது எனக்குக் கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை. இன்றும் அந்த வழியாகப் பஸ்ஸில் போனால் அந்த இசை மனசுக்குள் ஓடும். காத்திருக்கிறேன்.

அரூர்

அண்ணன்களா, இ3 மூடல் செய்தி வருவதற்கு நாலு நாள் முன்னால் நடந்தது என்னுடையது. நான் இ3 காலத்து ஆள் இல்லை. வீட்டில் ஒரு பழைய லேப்டாப்தான். எனக்குப் பிடித்தது சமையல் கேம்கள். வெண்பா என்று ஒன்று வருகிறது, கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ் அம்மாவின் கதை, டொராண்டோவில் இருக்கிற விசை கேம்ஸ் செய்கிறார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து காத்திருந்தேன். 2023 ஜூலை 31-இல் வந்தது. டிசம்பரில் தி கேம் அவார்ட்ஸ் விருது விழாவில் சிறந்த முதல் படைப்புக்கான ஐந்து பெயரில் ஒன்றாக அதுவும் இருந்தது.

நமக்கு டிசம்பர் 8 காலை ஆறு மணி. அம்மா ராகிக் களிக்கு உலை வைத்திருந்தார். நான் அடுப்படித் திண்ணையிலேயே லேப்டாப்பை வைத்துக்கொண்டேன். விருது கக்கூன் என்கிற கேமுக்குப் போனது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அம்மா பதறிப்போய் என்ன ஏது என்று கேட்டார். எப்படிச் சொல்வது என்று தெரியாமல், நிகழ்ச்சியை மூடிவிட்டு கேமையே திறந்து காட்டினேன்.

முதல் சமையல் இட்லி. குறிப்புப் புத்தகம் கிழிந்திருக்கும், தட்டுகளை எப்படி அடுக்குவது என்பது நாமாகக் கண்டுபிடிக்க வேண்டிய புதிர். வந்த அன்று நான் இரண்டு தரம் தப்பாக அடுக்கி, மாவை வீணாக்கியிருந்தேன். அதை அம்மாவிடம் சொல்லவில்லை. சும்மா, "இப்ப என்னம்மா பண்ணணும்?" என்று மட்டும் கேட்டேன். அம்மா கரண்டியை வைத்துவிட்டு, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, கிட்ட வந்து திரையைப் பார்த்தார்.

"குழிக்கு நேரா குழி வராம திருப்பி வை. இல்லன்னா ஆவி எப்படி மேல போகும்?"

திருப்பி வைத்தேன். வெந்தது.