கமகக் குறி போட்டால் ட்ரெபிள் கிளெஃப் வருகிறது, அவசரம்

வீணைக்காரி:
ஒரு வர்ணத்தை ஸ்டாஃப் நோட்டேஷனில் (மேற்கத்திய ஐந்து கோட்டு முறையில்) எழுதிக்கொண்டிருக்கிறேன். ஸ்புரிதம், ரவை, வலி என்று கமகங்கள் (சுரத்தை அசைக்கும் விதங்கள்) எல்லாவற்றுக்கும் சொந்தமாகக் குறி செய்தேன். என் லேப்டாப்பில் சரியாக இருக்கிறது. டீச்சர் திறந்தால் ஸ்புரிதம் வரும் இடமெல்லாம் ட்ரெபிள் கிளெஃப், கோடுகளின் தொடக்கத்தில் போடும் அந்தச் சுருள் குறி! நாளைக்குள் கொடுக்கணும்.

மத்திமம்:
எந்த மென்பொருள்? எந்தப் பதிப்பு? அனுப்பியது பிடிஎஃபா, ஸ்கோர் கோப்பா?

தஞ்சை_ரசிகன்:
விண்டோஸ் அப்டேட்தான். எனக்கும் ஃபாண்ட் எல்லாம் போச்சு. ரீஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள்.

மத்திமம்:
டீச்சர் வைத்திருப்பது மேக் என்றால்?

சுருதிப்பெட்டி:
கையேட்டைப் புரட்டாமல் நேரே இங்கே வந்து கேட்பது வழக்கமாகிவிட்டது. அது இருக்கட்டும், கமகத்தைக் கோட்டில் எழுதி யார் வாசிக்கப்போகிறார்கள்? கேட்டுத்தான் வரும்.

வீணைக்காரி:
மியூஸ்கோர் 4. ஃபான்ட்ஃபோர்ஜில் ஃபாண்ட் செய்து, ஸ்டாஃப் டெக்ஸ்ட்டாக (கோட்டோடு சேர்த்து எழுதும் எழுத்தாக) போட்டேன். கோப்பைத்தான் அனுப்பினேன்.

மத்திமம்:
ஸ்புரிதத்தை ஈ050 என்ற எண்ணில் வைத்தீர்களா? இசைக் குறி ஒவ்வொன்றுக்கும் எண் கொடுக்கும் ஸ்மூஃபிள் தரத்தில் அது ட்ரெபிள் கிளெஃபின் இடம். உங்கள் ஃபாண்ட் இல்லாத கணினியில், அந்த எண்ணில் வேறு இசை ஃபாண்ட் வைத்திருப்பது வந்து உட்காரும். ஸ்கோர் கோப்போடு ஃபாண்ட் போகாது, பிடிஎஃபோடு போகும். நாளைக்கு என்றால் பிடிஎஃப் அனுப்பிவிடுங்கள். அப்புறம் நிதானமாக இங்க்ஸ்கேப் என்ற வரையும் மென்பொருளில் குறியை வரைந்து, எஸ்விஜி படமாகச் சேமித்து, சுரத்தின் தலைமேலேயே இழுத்து விடுங்கள். அப்போதுதான் சுரத்தோடு நகரும். படம் கோப்புக்குள்ளேயே இருக்கும். கன்ட்ரோல், ஷிஃப்ட் இரண்டையும் அழுத்திக்கொண்டு அதைப் பேலட்டுக்கு (குறிகள் அடுக்கிய பலகைக்கு) இழுத்தால் அடுத்த முறை அங்கிருந்தே போடலாம்.

தஞ்சை_ரசிகன்:
ரவைக்கு எதற்குப் படம்? அதன் குறியான ^ மார்க்காட்டோ என்ற மேற்கத்தியக் குறியாக ஏற்கெனவே இருக்கிறதே.

மத்திமம்:
ப்ளேபேக்கில் அந்தச் சுரம் அடித்து ஒலிக்கும். பியானோக்காரரும் அழுத்தித்தான் வாசிப்பார். வலி கமகத்தின் வளைவைப் பார்த்தால் ஸ்லர், அதாவது சேர்த்து வாசிக்கும் குறி என்பார்கள்.

சுருதிப்பெட்டி:
இதைத்தான் நான் சொன்னேன்.

ரவிசந்திரிகா:
எது? 1904இல் எட்டயபுரத்தில் அச்சான சங்கீத சம்பிரதாய பிரதர்சினி நூலிலேயே இந்தக் குறிகள் இருக்கின்றன. அதை எழுதிய சுப்பராம தீட்சிதருக்குக் கேள்வி ஞானம் போதவில்லையா?

சுருதிப்பெட்டி:
அவர் சுர எழுத்தோடு போட்டார், ஐந்து கோட்டில் இல்லை. அவருடைய ஸ்புரிதம் ∴ மூன்று புள்ளி. இங்கே சுரத்தின் மேல் புள்ளி என்றால் ஸ்டக்காட்டோ, வெட்டி வாசிக்கச் சொல்லும் குறி.

மத்திமம்:
முதல் பக்கத்தில் குறி விளக்கம் போட்டால் தீர்ந்தது.

சுருதிப்பெட்டி:
அதை எவன் படிக்கிறான்?

ரவிசந்திரிகா:
கையேட்டைப் படிக்கச் சொன்னவர் கேட்கிறார்.

வீணைக்காரி:
ஆமாம், ஈ050தான். பிடிஎஃப் அனுப்பினேன், சரியாக வருகிறதாம். எஸ்விஜி அப்புறம். நன்றி!

தஞ்சை_ரசிகன்:
எதற்கும் அந்த அப்டேட்டை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.