அம்பாசடரை வைத்துக்கொள்வதா, மின்சாரக் காருக்கு மாறுவதா? யோசனை சொல்லுங்கள்

வணக்கம். அப்பா ஓட்டிய 1978 மாடல் அம்பாசடர் மார்க் 3 வீட்டில் நிற்கிறது. ஸ்டியரிங் ஓரத்தில் கியர், பெஞ்சு மாதிரி முன் சீட்டு, 1489 சிசி பெட்ரோல் என்ஜின். காலையில் சோக்கை இழுத்து, இரண்டு நிமிடம் உறுமவிட்டால்தான் கிளம்ப மனசு வைக்கும். லிட்டருக்கு ஒன்பது கிலோமீட்டர் கொடுத்தால் அன்று நல்ல நாள். சத்தத்தைக் கேட்டே கார்புரேட்டரைச் சரிசெய்யும் மெக்கானிக் அண்ணனுக்கும் வயதாகிவிட்டது.

மகள் டியாகோ மின்சாரக் கார் வாங்கலாம் என்கிறாள். ஓட்டிப் பார்த்தேன். மிதித்ததும் சத்தமே இல்லாமல் பாய்கிறது. காலை எடுத்தால் வேகம் தானாகக் குறைந்து, கொஞ்சம் மின்சாரம் பேட்டரிக்கே திரும்புகிறது. கிளட்ச் கிடையாது, என்ஜின் ஆயில் கிடையாது. சரி, ஆனால் பின் சீட்டில் மூன்று பேர் தோள் இடிக்காமல் உட்கார முடியவில்லை. அம்பாசடரில் எட்டுப் பேர் கல்யாணத்துக்குப் போன குடும்பம் எங்களுடையது!

24 கிலோவாட் மணி பேட்டரி வண்டி வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்: மதுரையிலிருந்து ஏசி போட்டுக் கொடைக்கானல் ஏறினால் சார்ஜ் எவ்வளவு மிஞ்சுகிறது? வீட்டில் 15 ஆம்பியர் பிளக் போதுமா, தனி ஒயர் இழுக்க வேண்டுமா? அப்புறம், அம்பாசடரை விற்க மனசில்லை. வாரம் ஒருமுறை மட்டும் எடுத்தால் டேங்க் துருப்பிடிக்குமா?