அம்மாவின் நீண்ட விமானப் பயணம்: அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்

வணக்கம். அம்மாவுக்கு 78 வயது. ஒவ்வொரு விடுமுறைக்கும் கடல் கடந்து வந்து எங்களோடு ஒரு மாதம் தங்குவார். பிள்ளைகள் நாள் எண்ணிக் காத்திருப்பார்கள். போன முறை வந்து இறங்கியபோது இரண்டு கால்களும் வீங்கி, செருப்பே நுழையவில்லை. அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை.

4 மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்தே வந்தால் காலில் ரத்தம் உறையும் ஆபத்து கூடும். அதனால் இந்த முறை நடைபாதை ஓர இருக்கையும் சக்கர நாற்காலியும் முன்பே கேட்டுவிட்டேன். இன்சுலின் கைப்பையில்தான் வரும். சரக்குப் பகுதிக் குளிரில் உறைந்துவிட்டால் பயன்படாது. மருந்துச் சீட்டும் கூடவே இருக்கும்.

எனக்குப் பிடிபடாதது நேர வித்தியாசம்தான். 10 மணி நேரம் முன்னே பின்னே ஆகும்போது உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு ஊசி நேரத்தை எப்படி மாற்றச் சொன்னார்கள்? அம்மா அடுத்த வாரம் மருத்துவரைப் பார்க்கிறார், அவரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று சொன்னாலே பெரிய உதவி. அப்புறம், சர்க்கரை நோயை மறைக்காமல் எழுதிப் பயணக் காப்பீடு எடுத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

இடையில் விமானம் மாறும்போது 3 மணி நேரம் தனியாக இருப்பார். அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.