சாவி எல்லோருக்கும் ஒரே நாளில்

கலிஃபோர்னியாவின் சான் வாகீன் பள்ளத்தாக்குப் பக்கம் இருப்பவர்கள் பார்த்திருப்பீர்கள். ஒரே தெருவில் வரிசையாக வீடுகள் எழும்பிக்கொண்டிருக்கும். கட்டுகிறவர்கள் அந்த வீடுகளில் குடிவரப்போகிறவர்களே. பல குடும்பங்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து, எல்லோருடைய வீட்டையும் எல்லோருமாகக் கட்டும் ஏற்பாடு இது. என் கணவரோடு வேலை பார்க்கும் ஒருவரும் அப்படிக் கட்டினார். கைக்கு உதவியாகச் சில சனிக்கிழமைகள் நாங்களும் போனோம்.

கட்டுமான உழைப்பில் 65 சதவீதமாவது அந்தக் குடும்பங்களுடையதாக இருக்க வேண்டும். வயரிங், பிளம்பிங் மாதிரி வேலைகளுக்குத் தொழில் தெரிந்தவர்கள் வருவார்கள்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விதி, கடைசி வீடு முடியும்வரை யாருமே குடிபோக முடியாது என்பது. தன் வீட்டை மட்டும் பார்த்துப் பார்த்துக் கட்டிக்கொண்டு ஒருவர் ஒதுங்கிவிட முடியாது. மரச்சட்டங்களைத் தரையில் கிடத்தி ஆணியடித்து முழுச் சுவராக்குவார்கள். நிமிர்த்தும்போது ஸ்பானிஷில் ஒருவர் ஒன்று, இரண்டு, மூன்று சொல்ல, எல்லோரும் ஒரே மூச்சில் தூக்க வேண்டும். ஒரு கை தளர்ந்தாலும் கோணிக்கொள்ளும். தோள் வலிக்கப் பிடித்துக்கொண்டே நிற்போம். மேற்பார்வையாளர் ரசமட்டம் வைத்துப் பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் முட்டுக் கொடுப்போம்.

சண்டையும் உண்டு. குடும்பத்துக்கு வாரம் இத்தனை மணி நேரம் என்று ஏட்டில் எழுதுவார்கள். திராட்சை அறுவடை சமயத்தில் ஒரு குடும்பத்தை ஆளையே காணோம். முணுமுணுப்பு கிளம்பியது. அப்புறம் அந்த வீட்டு மைத்துனர்கள் வந்து, வெயில் ஏறுமுன் கூரையில் ஏறி, பாக்கி நேரத்தைத் தீர்த்தார்கள். அறுவடைக் கூலியை விட்டுவிட்டு வா என்று யாரால் சொல்ல முடியும்?

இந்த ஏற்பாடு புதிதில்லை. இதே பள்ளத்தாக்கில், கோஷென் என்ற சிற்றூரில் 1963இல் தொடங்கியது. 1965இல் செல்ஃப்-ஹெல்ப் என்டர்பிரைசஸ் என்ற அமைப்பு உருவாகி இதைப் பெரிய அளவில் எடுத்துச் சென்றது.

பணம் எப்படி என்று கேட்பீர்கள். குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கு அமெரிக்க வேளாண் துறை 33 ஆண்டுக் கடன் தருகிறது. வருமானத்தைப் பொறுத்து வட்டி 1 சதவீதம் வரைகூட இறங்கும். முன்பணத்துக்குப் பதில் இவர்கள் போடுவது வியர்வை. ஆனால் ஒன்று: பின்னால் வீட்டை விற்றால், அந்த வட்டிச் சலுகையில் ஒரு பகுதியைத் திருப்பிக் கட்ட வேண்டி வரலாம். தெரிந்தவர்கள் யாராவது விண்ணப்பிக்கிறார்கள் என்றால், கையெழுத்துப் போடுமுன் கடன் பத்திரத்தில் அதைப் பற்றிய பக்கத்தை நிதானமாகப் படிக்கச் சொல்லுங்கள்.